26ஆம் வட கரோலினா காலாட்படை கெட்டிஸ்பர்க்கில் இத்தனை பேரை இழந்தது ஏன்?

தேவிபட்டினம் மாணவி:
வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிக் கல்லூரிக்குக் கட்டுரை எழுதுகிறேன். தென்மாநிலக் கூட்டமைப்பின் இப்படைப்பிரிவு, நம் தீவுகளைப் போன்றதொரு மணல்தீவில் காவலிருந்தது என்று படித்ததும் இதன்மேல் நாட்டம் பிறந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த கெட்டிஸ்பர்க் போரில் இதற்கு நேர்ந்ததை விளக்குவீர்களா?

கீழக்கரை வாசகர்:
அம்மா, 1861இல் திரண்ட இப்படை, போக் பேங்க்ஸ் தீவில் காவலிருந்த பின், 1862இல் நியூ பெர்னிலும் மால்வர்ன் ஹில்லிலும் போரிட்டது. முதல் கர்னலான செபுலான் வான்ஸ் மாநில ஆளுநரானதும், இளைஞர் ஹென்றி பர்க்வின் தலைமையேற்றார். 1863 ஜூலை 1 அன்று ஏறத்தாழ 800 வீரர்கள் வில்லோபி ஓடையைக் கடந்து, மரங்கள் அடர்ந்த மேட்டில் நின்ற வடமாநிலத் தரப்பின் 24ஆம் மிச்சிகன் படையை நோக்கி ஏறினார்கள். இரு தரப்பும் மிக நெருங்கி நின்று சுட்டதாலும், கொடியைச் சுற்றியே அணி திரண்டதால் கொடி ஏந்தியவர்களே முதல் குறியானதாலும், ஒருவர் சாய மற்றொருவர் கொடியை எடுத்தார். அவ்வாறு எடுத்த பர்க்வினும் மாண்டார். அவருக்கு வயது 21. அன்று மட்டும் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். எஞ்சியோர் ஜூலை 3இல் தளபதி பெட்டிகுரூவின் அணியுடன் மீண்டும் தாக்குதலுக்குச் சென்றதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

மண்டபம் வாசகர்:
அவர்களுடைய துணிவை எழுதும்போது, அந்தக் கூட்டமைப்பு அடிமைமுறையைக் காக்கவே பிரிந்தது என்பதையும் தவறாமல் எழுதுங்கள். அந்தப் போரில் அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டதால்தான் நம் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது.

தேவிபட்டினம் மாணவி:
மிக்க நன்றி. அப்படை இறுதியில் என்னவாயிற்று?

கீழக்கரை வாசகர்:
1865 ஏப்ரலில் வர்ஜீனியாவின் அப்போமேட்டாக்சில், தென்மாநிலத் தளபதி லீயின் படையோடு சரணடைந்தது.