பால்டிகா 6 போர்ட்டர் போல பீர் வேணும், அடர்த்தி 1.022-இல் நிக்குது

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பால்டிகா பீர் ஆலையின் எண் வரிசையில் வீட்டில் செய்து பார்க்கத் தகுந்தது 6-தான். 9 வெறும் போதைக்கு. போர்ட்டர் (கறுப்பு பீர்) என்று பெயர் இருந்தாலும் இது பால்டிக் வகை, குளிரில் நொதிக்கும் லாகர் ஈஸ்ட்தான் போட வேண்டும்.

20 லிட்டர், தொடக்க அடர்த்தி 1.063. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரில் ஊறியது 68 டிகிரியில். உலர் ஈஸ்ட் 11.5 கிராம் ஒரே பாக்கெட், நொதிப்பு 10 டிகிரி. ஆல்கஹால் 7 சதவீதம் வர அடர்த்தி 1.010 வரை இறங்கணும். இப்போது 5.4 சதவீதம்தான், லேசாக வெண்ணெய் வாடை வேறு. (மிதக்கவிட்டுப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் அளவு; ஆல்கஹால் வந்தபின் தப்பாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லை.)

ஈஸ்ட் போதவில்லையா, 68 டிகிரியில் நொதிக்காத சர்க்கரை மிஞ்சியதா? இதில் 200 மில்லி தனியே எடுத்து, நிறைய ஈஸ்ட் போட்டு 22 டிகிரியில் வைத்து, அடர்த்தி இன்னும் இறங்குதா என்று பார்த்தால் தெரியும், சரி. ஈஸ்ட்தான் காரணமென்றால் 15 டிகிரிக்கு ஏற்றி அடிவண்டலைக் கலக்கினால் போதுமா, பொங்கிக்கொண்டிருக்கும் புது ஈஸ்ட் ஊற்றணுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.