கோடியக்கரையில் சீமைக்கருவேலம் பிடுங்கப் போனவர்கள் கண்டவை

வேதாரண்யத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

மாசி முற்றினால் கோடியக்கரையில் தரை இறுகிவிடும். அதற்குள் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று வனத்துறையினர் ஆள் தேடினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுடன் நானும் போனேன். பெரிய மரங்களைப் பொக்லைன் ஏற்கெனவே வேரோடு சாய்த்திருந்தது. அதன்பின் முளைத்தவற்றை எடுப்பதுதான் எங்கள் வேலை. உண்மையான வேலையும் அதுதான் என்பேன். வெறுமனே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு அடிக்கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்த்து நிற்கும். கன்று முழங்கால் உயரந்தான், வேருக்குக் கடப்பாரை வேண்டியிருக்கிறது. முள்ளோ செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும்.

இதில் வேடிக்கை, விதையைப் பரப்புகிறவர்களில் புல்வெளியில் வாழும் வெளிமானும் ஒன்று. காயைத் தின்று புழுக்கையோடு விதையைப் போட்டுவிட்டுப் போகிறது. அங்கே திரியும் குதிரைகளும் அப்படியே. ஆனால் புல்வெளி மூடிப்போனால் முதலில் திண்டாடுவதும் வெளிமான்தான். ஓடிப் பிழைக்கும் பிராணிக்குத் தூரத்தில் வருவது தெரிய வேண்டும். 1967இல் இந்த இடம் சரணாலயமானதே வெளிமானுக்காகத்தான்.

குனிந்து தோண்டிக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்காட்டிப் பறவை தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தது. கூட வந்த பெரியவர், "தம்பி, கடப்பாரையைக் கீழே போடு, காலை எடுக்காதே" என்றார். என் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி நான்கு முட்டைகள். கூடு என்று ஒன்றுமில்லை. தரையில் சின்னக் குழி, ஓரத்தில் சிப்பித் துண்டுகள், உலர்ந்த மான் புழுக்கை. மண் நிற ஓட்டில் கரும்புள்ளிகள். நான்கின் கூர்முனையும் நடுவைப் பார்த்திருந்தன. பார்வையை விலக்கினால் மறுபடி தேடத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

பொழுது சாய்கையில், சுத்தம் செய்த திட்டுக்கே ஓர் ஆண் வெளிமான் வந்தது. முகத்தை அண்ணாந்து, முறுக்குக் கொம்புகள் முதுகில் சாயும்படி, பெண் மான்களைச் சுற்றி நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! எங்களை அது மதிக்கவே இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, பங்குனியில் உப்பளப் பக்கமும் போய்ப் பாருங்கள். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் திரிந்த உள்ளான் பறவைகளில் சிலவற்றுக்கு வயிறு செங்கல் நிறமாகியிருக்கும். வடக்கே திரும்பிப் போகுமுன் போடும் கல்யாண உடை.

ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் வழித்தெடுக்கக் கூடாது. 2018 கஜா புயலில் பழைய மரங்கள் ஏராளமாக விழுந்துவிட்டன. நரியும் கீரியும் பகலில் ஒதுங்க இப்போதைக்கு இந்தப் புதரும் தேவைப்படுகிறது. பாலை மரமும் உகா மரமும் தலையெடுக்கும்வரை திட்டுத் திட்டாக எடுப்பதே நல்லது.

திருநெல்வேலியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் பக்கத்து வல்லநாட்டிலும் வெளிமான் உண்டு. அங்கே குன்றுச் சரிவில், புதர்க்காட்டுக்கு நடுவே பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஓடும் முதுகுதான் கிடைக்கும். நீங்கள் சொன்ன நடையை நான் கண்டதே இல்லை. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது சொல்லுங்கள், தோல் கையுறையோடு வந்துவிடுகிறேன்.