முப்பரிமாணச் செயலி மட்டும் போதுமா?

முதலாண்டு மாணவி: கைக்குப் போகும் நரம்புகளின் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸ் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. செயலியில் சுழற்றிப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது, உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் மேசைக்குப் போனால் எல்லாமே ஒரே வெள்ளை நூலாகத் தெரிகிறது. செயலியை மட்டும் நம்பிப் படிக்கலாமா?

உடற்கூறியல் ஆசிரியர்: மட்டும் என்றால் வேண்டாம். செயலியில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். உண்மையான உடலில் யாரும் வண்ணம் பூசி வைப்பதில்லை, கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் விலக்கி விலக்கித்தான் தேட வேண்டும், அப்படித் தேடும்போதுதான் கை கற்றுக்கொள்கிறது. அக்குள் தமனியை ஒட்டி நரம்புகள் ஆங்கில எம் எழுத்துப் போல நிற்கும். அதை முதலில் பிடியுங்கள், மற்றவை தானாக வழிக்கு வரும். ஆளுக்கு ஆள் கிளைகள் கொஞ்சம் மாறும் என்பதையும் ஒரே மாதிரியான செயலி உருவம் காட்டாது.

கதிரியக்கப் பயிற்சி மருத்துவர்: ஐயா சொல்வது சரிதான், ஆனால் குறுக்குவெட்டுக்குக் கணினிதான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் தரவைப் பாருங்கள், உண்மையான உடலை மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுத்த படங்கள். 1994இல் ஆணுடல், 1 மில்லிமீட்டர் இடைவெளியில். 1995இல் பெண்ணுடல், 0.33 மில்லிமீட்டர். அதை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்த பிறகுதான் எனக்கு சிடி ஸ்கேனே புரிய ஆரம்பித்தது.

முதலாண்டு மாணவி: நன்றி ஐயா, நன்றி டாக்டர். நாளைக்கு முதலில் அந்த எம்மைத் தேடுகிறேன், அப்புறம் செயலி.