மரத்தில் செதுக்கும் மலைக்கு ஒரு சொல்: ‘தரையுரு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சிஎன்சி ரூட்டரில், அதாவது கணினி நகர்த்தும் குடைவு இயந்திரத்தில், பலகையைச் செதுக்கி ஒரு மலைத்தொடரை அப்படியே எடுக்கிறோமே, அந்தப் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. ‘முப்பரிமாண நிலப்பரப்பு மாதிரி’ என்று எழுதினால் பொருள் தவறாது. ஆனால் பட்டறையில் யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை. நான் ‘தரையுரு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதற்கு முன், மேலே வந்தவற்றுக்கு என் பதில்.

> ரூட்டருக்குத்தான் ஏற்கெனவே ‘திசைவி’ என்ற சொல் இருக்கிறதே. ‘திசைவிச் செதுக்கல்’ என்றால் என்ன?

வேண்டாம். திசைவி இணையப் போக்குவரத்துக்கு வழி காட்டும் கருவி. மரவேலை ரூட்டர் யாருக்கும் திசை காட்டுவதில்லை. வேகமாகச் சுழலும் பிட்டை, அதாவது வெட்டும் முனையை, மரத்துக்குள் இறக்கிக் குடைகிறது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதற்காக நாமும் இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

இயந்திரத்துக்குச் சொல் தேடும் வேலையை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வாசல் கதவில் பூவேலைப்பாடு போடக் கொடுப்பவரும் ‘சிஎன்சியில் போட்டுக் கொடுங்கள்’ என்றுதான் கேட்கிறார். ரூட்டர், பிட் எல்லாம் தச்சர்களின் வாயில் நன்றாகப் பழகிவிட்டன. பழகிய சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுச்சொல்லை நடுவதைவிட, சொல்லே இல்லாத இடத்தைப் பார்ப்பதுதான் இப்போது தேவை.

> ‘மலைக் கடைசல்’ என்பது எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் தொழில் வேறு. கடைசலில் மரம் சுழலும், உளி அதன் மேல் படும். கட்டில்காலும் பம்பரமும் அப்படி வருபவை. இங்கே பலகை மேசையோடு இறுக்கப்பட்டு அசையாமல் கிடக்கிறது. சுழல்வதும் நகர்வதும் பிட்தான். கடைதல், இழைத்தல், குடைதல், செதுக்குதல், பொறித்தல் என்று மரத்தில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனி வினை இருக்கிறது. இருப்பதைக் குழப்பாமல் வைத்துக்கொள்வதும் கலைச்சொல் வேலைதான்.

> ‘புடைப்புச் சிற்பம்’ என்று அழகான சொல் இருக்கும்போது, ‘புடைப்பு மலை’ என்று வைத்துக்கொள்ளலாமே?

இதுதான் இதுவரை வந்ததில் வலுவான பரிந்துரை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பம். பின்னால் ஒரு பாறைத்தளம். அதிலிருந்து உருவங்கள் முன்னே எழும்பி வருகின்றன. எவ்வளவு எழும்ப வேண்டும் என்பது சிற்பியின் விருப்பம். யானைக்கு இவ்வளவு, முனிவருக்கு இவ்வளவு என்று எந்தக் கணக்கும் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. நாம் பேசும் பொருளில் அந்த உரிமை கிடையாது. ஒவ்வொரு புள்ளியின் உயரமும் நிலத்தின் உயரத்தோடு ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்து அளந்து, கணக்குப் போட்டு, உண்மையான உயரத்தைச் சொல்ல முடிய வேண்டும்.

இன்னொன்று, புடைத்தல் என்றால் வீங்கி வெளியே வருதல். பிளாஸ்டிக் தகட்டை அச்சில் அழுத்தி எடுக்கும் சுவர்ப் படங்கள் உண்டு; அவற்றில் தகடு உண்மையாகவே புடைக்கிறது. ‘புடைப்புப் படம்’ என்ற பெயரை அவற்றுக்கே விட்டுவிடலாம். மரத்தில் எதுவும் புடைப்பதில்லை. பலகையின் மேல்முகம்தான் சிகரத்தின் உச்சி. அங்கிருந்து கீழே வேண்டாததை எல்லாம் எடுத்துக்கொண்டே இறங்குகிறோம். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் பாறையின் தலையிலிருந்து தொடங்கி, விமானத்தை முதலில் முடித்து, கீழ்நோக்கி வந்திருக்கிறார்கள். அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. வெட்டி இறங்கும் வேலைக்கும் புடைத்து எழும் வேலைக்கும் உள்ள இந்த வேறுபாடு, பெயரிலும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, ‘தரையுரு’வுக்கு வருகிறேன். இலங்கைப் புவியியல் பாடநூல்களில் ‘தரைத்தோற்றம்’ என்ற சொல் நெடுங்காலமாக இருப்பதை இந்த இழையில் யாழ்ப்பாணத்து ஐயா நினைவூட்டினார். அதுதான் எனக்கு வழி காட்டியது. தோற்றம் கண்ணுக்குத் தெரிவது. உரு என்றால் கைக்கு அகப்படும் உடம்பும் சேர்ந்து வருகிறது. பார்வையற்ற மாணவர் ஒருவர் விரலால் தடவி மலையை அறிந்துகொள்ளப் பயன்படும் பொருளுக்குத் தோற்றத்தைவிட உரு பொருந்தும். அப்புறம், அடைமொழி சேர்த்தால் வேறு சொற்களும் இயல்பாகப் பிறக்கின்றன: மரத் தரையுரு, மெழுகுத் தரையுரு, எண்ணிமத் தரையுரு (கணினிக் கோப்பில் இருப்பது).

வெறும் மர வேலைக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக இது இருந்துவிடக் கூடாது என்பதும் என் எண்ணம். சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் பிஃபீஃபர் என்ற படைத்தளபதி 1762 முதல் 1786 வரை உழைத்து, நடு சுவிட்சர்லாந்தின் மலைகளை ஏறக்குறைய 26 சதுர மீட்டர் பரப்பில் செய்து வைத்தார். அது இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. கிழக்குக் கிரீன்லாந்தில் அம்மசாலிக் பகுதியைச் சேர்ந்த குனிட் என்ற இன்யூட் மனிதர், 1880களில் வந்த டேனிஷ் பயணக்குழுவுக்குக் கடலோரத்தின் வளைவு நெளிவுகளைக் கட்டையில் செதுக்கிக் கொடுத்தார். 1936இல் காந்தியடிகள் திறந்து வைத்த வாரணாசி பாரத மாதா கோயிலில் பிரிவினைக்கு முந்தைய இந்தியா முழுவதும் பளிங்கில் இமயமலையோடு கிடக்கிறது. கணினி வருவதற்கு முன்பே இருந்த இவை எல்லாவற்றையும் ‘தரையுரு’ தழுவிக்கொள்ளும். ‘சிஎன்சி மலை’ தழுவாது.

இப்போது சிக்கலான இடம். நாம் செதுக்கப் பயன்படுத்தும் உயரத் தரவு பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் எடுத்தது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயரப்புள்ளி என்ற அளவில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரையைத் தொடவில்லை. மர உச்சிக்கும் மண்ணுக்கும் நடுவில் எங்கோ திரும்பிவிட்டது. ஆக, அது தரையின் உரு அல்ல. மரம், கட்டடம் எல்லாம் சேர்ந்த மேற்பரப்புக்கு ‘மேலுரு’ என்றும், அவற்றை நீக்கிய வெறுந்தரைக்கு ‘தரையுரு’ என்றும் தரவுகளைப் பிரித்துச் சொல்லலாம். நீலகிரியை ஒரு பலகையில் செதுக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஒரு தேயிலைத் தோட்டத்தை மட்டும் பெரிதாகச் செதுக்கினால், ஓரத்துக் காடு ஒரு திட்டுபோல் எழும்பி நிற்கும்.

நீலகிரியையே எடுத்துக்கொள்கிறேன். 60 கிலோமீட்டர் அகலத்தை 300 மில்லிமீட்டர் பலகையில் அடக்கினால் அளவை 2,00,000இல் 1 பங்கு. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டரில் இருக்கிறது, தொட்டபெட்டா 2,637 மீட்டர். வித்தியாசம் சுமார் 2,300 மீட்டர். பலகையில் அது வெறும் 11.5 மில்லிமீட்டர். கோவையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் அந்தச் சுவர், பலகையில் விரல் தடிமன்கூட வராது. அதனால் உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கி 23 மில்லிமீட்டர் ஆக்குகிறோம். ஒன்றரை அங்குலப் பலகை இருந்தால் அடிப்பகுதிக்கும் போதுமான கனம் மிஞ்சும்.

இந்த மடங்குக்கு ‘உயர மிகைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ‘உயரப் பெருக்கம்’ பிடித்திருக்கிறது. மிகை என்றதும் உள்ளதைத் திரித்துவிட்டோம் என்ற குற்றச்சாட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. பெருக்கம் நேர்மையான கணக்கு: உயரப் பெருக்கம் 2 என்று பலகையின் மூலையில் பொறித்துவிட்டால், பார்ப்பவர் தானே வகுத்துக்கொள்வார். பொறிக்காமல் விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லா மலைக்கும் பெருக்கம் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரமும் அதன் அடிவாரத்துச் செர்மாட் ஊரும் அடங்கும் பத்து கிலோமீட்டர் சதுரத்தை அதே 300 மில்லிமீட்டரில் செதுக்கினால், செர்மாட் ஊரின் 1,600 மீட்டரிலிருந்து சிகரத்தின் 4,478 மீட்டர் வரைக்கும் 86 மில்லிமீட்டர் ஆழம் வருகிறது. பெருக்கம் 1 போதும். அங்கே கவலையே வேறு: அவ்வளவு ஆழத்துக்கு எட்டும் நீளமான கூம்பு பிட் வேண்டும், பலகைகளை ஒட்டிக் கனம் சேர்க்க வேண்டும்.

> எண்ணிமத் தரையுருவும் மரத் தரையுருவும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு அடைமொழி?

ஒன்றல்ல. நடுவில் பிட் நிற்கிறது. கடைசிச் சுற்றுக்கு உருண்டை முனை பிட் போடுகிறோம். 6 மில்லிமீட்டர் பிட் என்றால் அதன் ஆரம் 3. மேலே சொன்ன நீலகிரி அளவையில் அது நிலத்தில் 600 மீட்டர். தரவோ 30 மீட்டர் நுணுக்கம், அதாவது பலகையில் 0.15 மில்லிமீட்டர். முகடுகளைப் பிட் கூர்மையாகவே விட்டுவிடும், ஏனென்றால் இரண்டு பக்கமும் வெட்டிச் செல்கிறது. பள்ளத்தாக்கில் அதன் உருண்டை நுழையாது. கல்லாறிலிருந்து குன்னூருக்கு மலைரயில் ஏறும் அந்த இடுக்கு, மரத்தில் அடி தூர்ந்த வாய்க்கால்போல் வரும். கோப்பில் இருப்பது வேறு, கையில் கிடைப்பது வேறு. அடைமொழி இரண்டும் தேவை.

மிச்சம் ஒரு சொல்தான் எனக்குக் கிடைக்கவில்லை. பிட் போய்வந்த தடங்களுக்கு நடுவே மெல்லிய வரப்பு ஒன்று எழுந்து நிற்குமே, அதைச் சொல்கிறேன். 6 மில்லிமீட்டர் உருண்டை முனையைத் தடத்துக்குத் தடம் 0.6 மில்லிமீட்டர் தள்ளி ஓட்டினால் வரப்பின் உயரம் 0.015 மில்லிமீட்டர், விரலுக்குத் தெரியாது. அவசரப்பட்டு 2 மில்லிமீட்டர் தள்ளினால் 0.17 ஆகிவிடும், மலை முழுக்க உழுத வயலாகத் தெரியும். 0.6இல் ஓட்டினால் பலகைக்கு 500 தடம், மொத்தம் 150 மீட்டர் ஓட்டம்; நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் 75 நிமிடம். இந்தப் பேரம் ஒவ்வொரு வேலையிலும் வருவதால் அதற்குச் சொல் கட்டாயம் வேண்டும். ‘தட இடைவெளி’, ‘தட வரப்பு’ என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். தச்சர்கள் இழைப்புளி விட்ட வரிக்கு ஏதாவது பெயர் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

ப்ளைவுட்டில் செதுக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் அடுக்குகள் வெட்டுப்பட்டு வெளியே தெரிவதை ‘கோடு விழுந்துவிட்டது’ என்று குறையாக எழுதியிருந்தீர்கள். அடுக்குகள் கிடைமட்டமானவை, கனமும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் அவை உண்மையான சம உயரக் கோடுகள். அடுக்கு 1.4 மில்லிமீட்டர் என்றால், மேலே சொன்ன அளவையிலும் உயரப் பெருக்கம் 2இலும், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 140 மீட்டர். இதற்குப் புதுச்சொல் தேவையில்லை. பள்ளிப் புத்தகச் சொல்லையே அப்படியே எழுதுங்கள்.

‘தரையுரு’, ‘மேலுரு’, ‘உயரப் பெருக்கம்’ மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் விக்சனரி இணைய அகராதியில் சேர்க்கத் தொடங்குகிறேன். ‘தட வரப்பு’ மட்டும் பட்டறையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கட்டும்.

அன்புடன்.