மறு: ‘கலோரிப் பற்றாக்குறை’: வேறு சொல் வேண்டுமா?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

> ‘பற்றாக்குறை’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். மாற்ற வேண்டிய தேவை என்ன?

தேவை கிளிநொச்சியில் இருக்கிறது, ஐயா. நீரிழிவு கிளினிக்குக்கு வருபவர்களுக்காக எடை குறைப்புப் பற்றி இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். உண்பதைவிட உடம்பு செலவழிப்பது கூடுதலாக இருக்கும் நிலைக்கு, அதாவது ‘calorie deficit’ என்பதற்கு, அதில் ஒரு சொல் வேண்டும். முதல் வரைவை அயல்வீட்டு ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். “நாள்தோறும் சிறிது கலோரிப் பற்றாக்குறை இருக்கட்டும்” என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். “பற்றாக்குறை எங்களுக்குக் கண்டு அலுத்த சாமான், பிள்ளை. அதையா ஆஸ்பத்திரியில் எழுதித் தருகிறார்கள்?” நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. அதை மருந்தாக்க என்னால் முடியாது.

> இலங்கையில் ‘துண்டுவிழும் தொகை’ என்கிறீர்களே, அது பொருந்தாதா?

வரவு செலவுத் திட்டச் செய்திகளில் அப்படித்தான் எழுதுகிறோம். எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் துண்டு விழுந்தால் எங்காவது கடன்பட்டு நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் கூடவே வருகிறது. நம் நோயாளி அதை இரவில் பாணும் சம்பலும் கொண்டு நிரப்பிவிடுவார். உடம்பு தன் கொழுப்புச் சேமிப்பில் கைவைக்க வேண்டும் என்பதுதானே நமது நோக்கம்.

> ‘கலோரிக் குறைப்பு’ எளிதாக இருக்கிறது.

எளிதுதான், பொருள் வேறு. குறைப்பு என்பது செயல். நாம் பெயர் தேடுவதோ இரண்டு தொகைகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு. நாளுக்கு 2,800 கிலோகலோரி உண்டவர் 2,500 ஆகக் குறைக்கிறார், செலவோ 2,200 என்று வையுங்கள். குறைப்பு நடந்துவிட்டது, 300 இன்னமும் மிச்சம், எடை ஏறும். மாறாக, காலபோக (மாரிக்கால நெல்) விதைப்பு நேரத்தில் மண்வெட்டி பிடிப்பவர் ஒரு பிடி சோறும் குறைக்காமலே இளைப்பார்.

இந்த வித்தியாசத்தை வன்னியில் விளக்கக் குளத்தைக் காட்டினால் போதும். இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் இறங்குகிறது என்றால் வரத்தைவிடத் துருசால் (மதகால்) போவது கூட என்று சிறுபிள்ளையும் சொல்லும். ஆகவே முதலில் ‘சக்தியிறக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த நிமிடமே அடித்துவிட்டேன். மயங்கி விழப்போகிறவரின் நிலை போல ஒலித்தது.

என் பரிந்துரை: செலவுமிகை. எதிர்நிலைக்கு வரவுமிகை, இரண்டும் ஒத்திருந்தால் சமன். மூன்றும் ஒரு குடும்பமாக நிற்கின்றன, எதிலும் ‘குறை’ இல்லை. ‘மிகைச்செலவு’ என்று புரட்டக் கூடாது, அது ஊதாரித்தனம் ஆகிவிடும். முன்னொட்டு ‘சக்தி’யா ‘ஆற்றலா’ என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. இங்கே இலங்கைப் பாடநூலில் சக்தி, அங்கே தமிழ்நாட்டில் ஆற்றல். இரு கரைக்கும் பொதுவாகக் ‘கலோரி’யே இருக்கட்டும். (‘metabolism’ என்பது அனுசேபமா வளர்சிதை மாற்றமா என்பதையும் தயவுசெய்து இன்று திறக்காதீர்கள்.)

> ‘செலவு’ என்றதும் உடற்பயிற்சி மட்டும் என்று நினைத்துவிடுவார்களே?

இந்தத் தடை வலுவானது, அக்கா. இரண்டு நாள் யோசித்தேன். பெரும்பாலானவர்களுக்கு நாட்செலவில் பாதிக்கு மேல் சும்மா இருக்கும்போதே போகிறது: இதயம், ஈரல், மூளை, உடற்சூடு. ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவர் குளக்கட்டில் ஒரு மணி நேரம் நடந்தால் 250 கிலோகலோரி அளவில் செலவாகும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட அவ்வளவும் திரும்பி வந்துவிடும், ஏனெனில் ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாப்பொருளிலும் புரதத்திலும் 4 தான். ஆகவே நடையைக் கைவிடச் சொல்லவில்லை. அது குருதிச் சீனிக்கும் நல்லது. நடந்துவிட்டோம் என்ற துணிவில் தட்டை நிரப்ப வேண்டாம் என்பதே பேச்சு. சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். ஒரு சொல்லே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி, நாளுக்கு 500 செலவுமிகை என்றால் கிழமைக்கு அரைக் கிலோ என்ற கணக்குத் தொடக்கத்துக்குத்தான் சரி. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் சுருங்குகிறது. துருசு தானாகச் சற்று மூடிக்கொள்வது போல. மூன்றாம் மாதம் “ஏன் இறங்கவில்லை?” என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் நம்மைப் பொய்யர் என்பார்கள். சீனி குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உணவைப் பெரிதாகக் குறைக்கக் கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

இரண்டாம் வரைவை நேற்று ஆச்சிக்கு வாசித்தேன். “வரவைவிடச் செலவு கூட. அதற்கா இவ்வளவு பெரிய சொல்?” என்றார். அவருடைய வாக்கியத்தையே அந்த ஒரு வரி விளக்கமாகப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கலோரிச் செலவுமிகை’ என்று ஒற்று மிகுத்து எழுதலாமா, பிறமொழிச் சொல்லுக்குப் பின் விட்டுவிடுவதா? இலக்கணம் அறிந்தவர்கள் அதற்கு முன் சொல்லுங்கள்.