பொருள்: 'ஜெண்டர் டைவர்ஸ்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செ. எழுதியது:
வணக்கம். ஆட்டிச ஆய்வு ஒன்றின் அழைப்புக் கடிதத்தையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழாக்குகிறேன். 2020இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தார்கள். திருநர்களும், ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு என்று வந்தது. படிவங்களிலோ பெரும்பாலும் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் நான் தமிழாக்கும் இந்த ஆய்வு. நான் சிக்கிக்கொண்டது, இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் 'ஜெண்டர் டைவர்ஸ்' என்ற இடத்தில். திருநர் என்று மட்டும் போட்டால் சிலர் விடுபடுகிறார்கள். 'பாலினப் பன்மையர்' சரிவருமா?

இரா. எழுதியது:
'இனம்' எதற்கு? பால் என்றாலே பகுப்பு. பகு, பாதி, பால் எல்லாம் ஒரே வேர். தொல்காப்பியர் சொன்னது ஐம்பால், ஐம்பாலினம் அல்ல. 'பல்பாலர்' போதும்.

க. எழுதியது:
ஐயா, பல்பாலர் என்றால் பல் மருத்துவரிடம் போய் நிற்பார்கள். பழைய இலக்கணத்தை இழுப்பதானால் நன்னூலில் பேடு, அதாவது பாலியல்பு மாறியவர், பற்றிய நூற்பாவையும் பாருங்கள். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். மனம் போகும் பக்கம் வினைமுற்றும் போகிறது. எவ்வளவு அழகு! ஆனால் பவணந்தியார் அத்தோடு நிறுத்தாமல், இருவரும் அஃறிணை போலவும் வருவர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

இரா. எழுதியது:
'போல' என்றுதான் சொன்னார், அஃறிணை என்று சொல்லவில்லை. அந்த உவம உருபை வைத்து ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதுவேன்.

ம. எழுதியது (யாழ்ப்பாணம்):
இலங்கையில் ஜெண்டருக்குப் 'பால்நிலை' என்றுதான் புழக்கம். எங்கள் ஆட்களும் இந்தப் படிவத்தைப் படிப்பார்கள் அல்லவா?

க. எழுதியது:
படிப்பார்கள் அக்கா. ஆனால் இங்கே உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழக அரசு 2022இல் இவர்களைக் குறிக்கும் ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. இப்போது புதிதாக ஒன்றைக் கிளப்பினால் படிவம் நிரப்புகிறவர்தான் குழம்புவார்.

வெ. எழுதியது:
நான் ஆட்டிசம் உள்ள ஆள், ஆணுமில்லை, பெண்ணுமில்லை. இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் ஒருவர். ஒருவர் எப்படிப் பன்மையர் ஆக முடியும்? பள்ளியில் ஒருமை, பன்மை என்றுதானே படித்தோம்? பன்மை கூட்டத்துக்கு இருக்கலாம், கூட்டத்தில் நிற்கும் ஒரு தலைக்கு இல்லை. 'நீங்கள் பாலினப் பன்மையரா?' என்று கேட்டால் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். உங்கள் ஆய்வில் இன்னொரு ஆள் குறைந்தார். அப்புறம், ஆட்டிசத்துக்கு அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று எழுதுகிறார்களே, அதைத் தயவுசெய்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து அறை டியூப்லைட்டின் இரைச்சல்கூட எனக்குக் கேட்கிறது. புற உலகம் எனக்குக் கொஞ்சம் கூடுதல்தான்.

இரா. எழுதியது:
ஒருவரையே 'அவர்' என்று பலர்பாலில் சொல்கிறோமே, அது மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

வெ. எழுதியது:
அது மரியாதை. இது வகைப்படுத்தல்.

செ. எழுதியது:
வெள்ளி வந்துவிட்டது. கடிதத்தில், எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் பத்தியில் மட்டும் 'பாலினப் பன்மையர்' வைத்திருக்கிறேன். படிவத்தில் அந்தச் சொல்லே இல்லை. 'உங்கள் பாலினத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள்' என்று போட்டு, கீழே ஒரு கோடு. ஆட்டிசம் ஆட்டிசமாகவே இருக்கிறது. க., ம. இருவரும் சரி என்றார்கள். வெ.க்குப் படிவம் சரி, கடிதம் சரியில்லை. இப்படியே அனுப்புகிறேன்.

இரா. எழுதியது:
கோடு போடுவது கலைச்சொல்லாக்கம் ஆகாது. மேலும் 'பாலினப்பன்மையர்' என்று சேர்த்தே எழுதுக. பிரித்தால் அந்த 'ப்' அநாதையாக நிற்கிறது.