வேலைநிறுத்தம் செய்வோருக்கு வேலையின்மை உதவித்தொகை: வாஷிங்டன் மாநிலச் சட்டம் நியாயமா?

கணக்குப்பிள்ளை:
வாஷிங்டன் மாநிலத்தில் 2026 ஜனவரி முதல், வேலைநிறுத்தம் செய்வோரும் ஆறு வாரம் வரை வேலையின்மை உதவித்தொகை பெறலாம். ஆளுநர் பாப் ஃபெர்குசன் 2025இல் கையெழுத்திட்ட இந்தச் சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தம் பிழை ஏதுமின்றி வேலையிழந்தவருக்காக ஏற்பட்டதே இந்த வேலையின்மைக் காப்பீடு. வேலை காத்திருக்க, கூலி பேசுவதற்காகத் தாமே வெளியே வந்து நிற்பவர் அதில் எப்படிப் பங்கு கேட்கலாம்? இந்தக் காப்பீட்டு நிதிக்கு வரி கட்டுவது முதலாளிகள் மட்டுமே என்பதால், தன்னை எதிர்த்து நிற்பவருக்குப் படியளக்கும் கடமையும் நிறுவனத்தின் தலையிலேயே விழுகிறது.

எவரெட்வாசி:
2024 செப்டம்பரில் விமானத் தயாரிப்பு நிறுவனமான போயிங்கின் தொழிலாளர் சுமார் 33,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, 53 நாள் நின்றார்கள். தொழிற்சாலை வாயிலில் பீப்பாயில் விறகெரித்துக் குளிர்காய்ந்த அவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து கிடைத்தது, அதுவும் மூன்றாவது வாரத்திலிருந்துதான், வாரம் 250 டாலர். செப்டம்பர் இறுதியோடு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் நின்றுபோனது. சியாட்டில் பக்கத்து வீட்டு வாடகை தெரிந்தவர் எவரும் இதைச் சுகமான விடுப்பு என்று சொல்லமாட்டார். புதிய சட்டத்திலும் முதல் இரண்டு வாரத்துக்கு ஒன்றும் கிடையாது. அதற்குப் பின்னர் வருவதும் முழுச் சம்பளமல்ல. பட்டினி நெருங்குவதற்காகக் காத்திருப்பதே ஒரு தரப்பின் உத்தியாக இருக்கும்போது, அரசு ஒதுங்கி நிற்பதை நடுநிலை என்று நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள்?

பழைய வழக்கு:
இருவருக்கும் ஒரு திருத்தம். முதலாளிகள் மட்டுமே கட்டுகிறார்கள் என்பது வாஷிங்டனுக்குப் பொருந்தும். நியூ ஜெர்சியில் தொழிலாளரின் சம்பளத்திலும் பிடித்தம் உண்டு, அங்கும் வேலைநிறுத்தக்காரர்களுக்கு உதவித்தொகை உண்டு. நியூயார்க்கிலோ இது பல பத்தாண்டுப் பழக்கம். 1971இல் தொடங்கி ஏழு மாதம் நீண்ட தொலைபேசித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், சுமார் 33,000 பேருக்கு 4.9 கோடி டாலர் வழங்கப்பட்டதை எதிர்த்து நிறுவனம் வழக்காடி, 1979இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால், மாநிலங்கள் இவ்வாறு வழங்குவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை என்று மட்டுமே நீதிமன்றம் சொன்னது; வழங்குவது நல்லது என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை இரு தரப்பாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
பிடித்தம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த ஏழு மாதமே என் அச்சத்துக்குச் சான்று அல்லவா? பணம் வந்துகொண்டிருக்கும்வரை உடன்பாட்டுக்கு என்ன அவசரம்? கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் 2023இலும், கனெக்டிகட் ஆளுநர் நெட் லமாண்ட் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் இத்தகைய மசோதாக்களை நிராகரித்தார்கள். இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். சங்கங்களுக்குப் பகைவர்கள் அல்லர். தம் மாநில நிதியின் கடன் 2,000 கோடி டாலரை நெருங்குகிறது என்பதே நியூசம் சொன்ன காரணம்.

எவரெட்வாசி:
அந்தக் கடனை வேலைநிறுத்தக்காரர் யாரும் ஏற்படுத்தவில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டுமே முதலாளி இந்த வரியைக் கட்டுகிறார். வாஷிங்டனில் 2025இல் அந்த வரம்பு 72,800 டாலர். பெட்டியில் போடுவதையே சுருக்கி வைத்துவிட்டு, பெட்டி காலி என்று தொழிலாளியிடம் காட்டுவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். ஆறு வார உதவித்தொகை வேலைநிறுத்தத்தை நீட்டுமா என்ற உங்கள் கேள்வி வேறு. அதை இங்கே வருகிற முதல் பெரிய வேலைநிறுத்தத்தில் பார்த்துவிட்டுப் பேசுவோம்.